மயான காண்டத்துக்கு ஒரு கிரீடம்

அவனுக்குக் காக்கிச் சட்டைதான் என்று முடிவு செய்தது நான். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

2018 சித்திரை மாதம். திண்டுக்கல் நாகல் நகரில் நண்பன் ஒருவனின் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எங்கள் நாடகத்தில் அரிச்சந்திரனாக நடித்தவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. போய்விட்டான். அடுத்த நாடகத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதுவரை எங்களுக்கு லைட் போட்டுக்கொண்டிருந்த இன்னொரு நண்பனை நடிக்கச் சொன்னோம். எல்லா ஒத்திகைக்கும் வந்தவன், வசனம் பூராம் அவனுக்குப் பாடம். அவன் தயங்கினான். தயக்கத்தைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"உனக்கென்னடா மாப்ள, சுடுகாட்டு வேலை எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான."

அவன் அப்பா ஊர் மயானத்தில் பிணம் எரிக்கிறவர். தாத்தாவும் அதே வேலை. அவன் எம்.ஏ. படித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அவன் காக்கிச் சட்டையை வாங்கினான். மடித்தான். தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தான்.

"நடிக்கிறேன். ஆனா எனக்குக் கிரீடம் வேணும். ஜரிகை வெச்ச உடுப்பு வேணும்."

"நம்ம நாடகத்துலதான் கிரீடமே கிடையாதேடா."

"அதத்தான் சொல்றேன்."

இதை எழுதலாமா என்று போன மாதம் அவனிடம் கேட்டேன். எழுது, பேரைப் போடாதே என்றான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவன் 'அவன்'தான்.

*

அரிச்சந்திரா மயான காண்டத்தை நான் முதலில் பார்த்தது அம்மாச்சியின் மடியில் படுத்துக்கொண்டு. சிறுமலை அடிவாரத்தில் அவள் ஊர். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் போட்டால் மறு ராத்திரி மயான காண்டம் இருக்கும். பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர்.

இளம் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து. பபூனும் டான்ஸும் வேறு வேறு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், சத்தங்கள் எழுப்ப ஆல்ரவுண்ட். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி என்று அவரவர் டைரியில் தேதி குறித்துக்கொண்டு தனித்தனியாக பஸ் ஏறி வந்து, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொது. அந்தச் சட்டத்துக்குள் யாரும் யாரோடும் நடிக்கலாம். 'சீன்' என்று சொல்கிற திரைகள் மூன்று நான்கு தொங்கும். தர்பார், தெரு, காடு. கதை எந்த யுகத்தில் நடந்தாலும் அதே தர்பார், அதே தெரு.

சின்ன வயதில் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. ராஜா ஜரிகையும் கிரீடமுமாக வருவார். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மேடையில் நின்ற பபூன் பேன்ட் சட்டையில் இருப்பார். பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேசுவார், ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவார், சினிமா பாட்டுக்கு ஆடுவார். பிறகு அவரே அரிச்சந்திரனோடும் பேசுவார். "ராஜாவுக்கு எப்படி அம்மாச்சி ரேஷன் கடை தெரியும்?" என்று நான் கேட்டதை அவள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது குழப்பமாக இல்லை.

பின்னாளில் கல்லூரியில் படிக்கும்போது தெரிந்தது, ஷேக்ஸ்பியரின் மேடையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்திருக்கிறது என்று. 'டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ்' நாடகக் காட்சி ஒன்றை அந்தக் காலத்திலேயே ஒருவர் வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. அதில் டைட்டஸ் ரோமானிய அங்கி போட்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்கிற வீரர்கள் எலிசபெத் காலத்து இங்கிலாந்து உடுப்பில் இருக்கிறார்கள். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் மணிக்கூண்டு மணி அடிக்கிறது. சீசர் காலத்து ரோமில் ஏது மணிக்கூண்டு? பார்த்தவர்கள் யாரும் எழுந்துபோனதாகத் தெரியவில்லை. எல்லா உடுப்பும் ஒரே காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிற கவலை பிறகு வந்தது. அது வந்த பிறகுதான் 'பழைய காலத்தில் போடுவதா, இந்தக் காலத்தில் போடுவதா' என்கிற கேள்வியே வந்தது. 1925-ல் லண்டனில் பாரி ஜாக்சனின் குழு ஹாம்லெட்டை அன்றைய கோட்டு சூட்டில் மேடையேற்றியபோது அது பெரிய செய்தியானது. நம் ஊரில் பம்மல் சம்பந்த முதலியார் அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தார். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி நம் ராஜா உடுப்பை மாட்டிவிட்டார்.

எனக்கு இதெல்லாம் படிப்பாக வந்தது. அம்மாச்சிக்கு வழக்கமாகவே இருந்தது.

*

திண்டுக்கல்லில் நவீன நாடகம் போடுகிறவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. மதுரை ரோட்டில் சின்னாளபட்டி பக்கம் இருக்கும் காந்திகிராமத்தில்தான் 1977-ல் அந்தப் புகழ்பெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்த சே. ராமானுஜம் அதை நடத்தினார். தமிழ் நவீன நாடகத்தைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பட்டறையைச் சொல்லாமல் தாண்ட மாட்டார்கள். அதில் கலந்துகொண்ட மு. ராமசுவாமி அடுத்த ஆண்டு மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'யை 'துர்க்கிர அவலம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார்.

ஆன்டிகனியின் கதை ஒரு பிணத்தைப் பற்றியது. அண்ணனின் உடலைப் புதைக்கக் கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான். தங்கை மண் தூவுகிறாள், சாகிறாள். உலகம் முழுக்க அதிகாரத்தை எதிர்க்க நினைத்தவர்கள் இந்த நாடகத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். 1944-ல் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிசில் ழான் அனூயி அதைத் தன் காலத்து உடுப்பில் போட்டார். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் அதை நடித்தபோது நெல்சன் மண்டேலாவுக்குக் கிடைத்தது கொடுங்கோலன் கிரியோனின் வேஷம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்களுக்கு ஓர் ஆசை வந்தது. பிணத்தைப் பற்றி நம்மிடமே ஒரு நாடகம் இருக்கிறதே, அதை ஏன் இந்தக் காலத்தில் போடக் கூடாது?

அரிச்சந்திரன் கதை எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்லாத ராஜா. விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்குக்காக நாட்டை இழக்கிறான். இன்னும் பாக்கி இருக்கும் கடனுக்காக மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காசியில் ஓர் ஐயர் வீட்டுக்கு விற்கிறான். தன்னை மயானத்துக்குச் சொந்தக்காரனான வீரபாகுவிடம் விற்றுக்கொண்டு பிணம் எரிக்கிறான். தர்ப்பை பறிக்கப்போன மகனைப் பாம்பு கடிக்கிறது. தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக மயானத்துக்கு வருகிறாள். கால் பணமும் முழத்துண்டும் தராமல் எரிக்க விடமாட்டேன் என்கிறான் காவல்காரன். அவள் கழுத்துத் தாலியை விற்றுக் கொண்டு வா என்கிறான். அந்தத் தாலி கணவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அப்போதுதான் அவளுக்குப் புரிகிறது.

நாங்கள் இதை இன்றைய திண்டுக்கல்லுக்கு மாற்றினோம். கடனை விரட்டி வசூலிக்க விசுவாமித்திரர் அனுப்பிய நட்சத்திரேசன் கதையிலேயே இருக்கிறான். அவனுக்கு பைக்கும் ஹெல்மெட்டும் தோள்பையும் கொடுத்து நுண்கடன் கம்பெனி வசூல்காரன் ஆக்கினோம். சந்திரமதியை நூற்பாலைக்கு அனுப்பினோம். எங்கள் மாவட்டத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி மில் விடுதிகளில் பெண்களை அடைத்து வைத்த 'சுமங்கலித் திட்டம்' எல்லோருக்கும் தெரிந்த கதை. அரிச்சந்திரன் எரிவாயு தகன மேடையில் காக்கிச் சட்டை போட்ட ஒப்பந்தத் தொழிலாளி. கால் பணத்துக்குப் பதில் ரசீதுப் புத்தகம்.

கல்யாணப் பொருத்தம் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, பத்துக்கு எட்டு பொருந்துகிறது என்று குதித்தோம். பொருந்தாத இரண்டில் ஒன்று தாலி. காக்கிச் சட்டையும் ரசீதும் இருக்கிற மேடையில், ஒருத்தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தாலியை என்ன செய்வது? லைட்டால் சமாளித்தோம். இன்னொன்று சாமி. மயான காண்டத்தின் முடிவில் கடவுள் இறங்கி வந்து பிள்ளையை எழுப்புவார். நவீன நாடகத்தில் சாமிக்கு என்ன வேலை? வெட்டிவிட்டோம். பிள்ளை செத்துக் கிடக்க, அப்பன் ரசீது எழுத, இருட்டு.

டவுனில் ஒரு மண்டபத்தில் போட்டபோது நல்ல கைதட்டல். மதுரையிலிருந்து வந்த ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தத் தைரியத்தில் மாசியில் ஒரு கிராமத்துத் திருவிழாவில் வாய்ப்பு வாங்கினோம். அம்மாச்சியையும் கூட்டிப்போயிருந்தேன்.

நாடகம் முடிந்து லைட்டை அணைத்தோம். மறுபடி லைட்டைப் போட்டபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கைதட்டவும் இல்லை. சேர் எடுக்கிற பையன்கள்கூட நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்ததும் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி கேட்டாள்.

"ஏப்பா, பிள்ளைய எழுப்பாமயா போறீங்க?"

நான் ஏதோ விளக்கம் சொல்லப்போனேன். யதார்த்தம், சமூகம் என்றெல்லாம் வாயில் வந்தது. திரும்பி வரும்போது வேனில் அம்மாச்சி சொன்னாள்: "செத்த பிள்ள எந்திரிக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதாடா? நான் ரெண்டக் குடுத்தவ. எந்திரிக்கிறதப் பாக்கத்தானே விடிய விடிய உக்காந்துருக்கோம்."

நல்லூர் வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணத்தில் மயான காண்டம் முடிந்ததும் மீட்சிக் காண்டம் என்றே தனியாக ஒன்று வருகிறது. நாங்கள் வெட்டியது ஒரு முழுக் காண்டத்தை. கிரேக்க அவலம் மாதிரி முடிந்தால்தான் அவலம் என்று யார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தேன். பதில் கிடைப்பதற்குள் திருப்பூர்க்காரன் கிளம்பிவிட்டான்.

*

மொட்டைமாடிக்குத் திரும்புகிறேன்.

எல்லோரும் கீழே டீ குடிக்கப் போனபிறகு அவன் பேசினான். கோபமாகப் பேசவில்லை. அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"எங்கப்பா இந்த நாடகத்துக்குப் போறதில்ல, தெரியுமா? ஆனா மைக் செட் எங்க தெருவுக்கு நல்லாக் கேக்கும். ராத்திரி பூராம் கேட்டுக்கிட்டுப் படுத்துருப்பாரு."

பழைய நாடகத்தில் வீரபாகுவைக் குறிக்க ஒரு சாதிச் சொல் வரும். அரிச்சந்திரனும் தன்னை அந்தச் சொல்லால் சொல்லிச் சொல்லி அழுவான். ஐயோ, நான் இப்படி ஆகிப்போனேனே என்று பாட்டுப் பாட்டாகப் புலம்புவான். கூட்டம் உச்சுக் கொட்டும். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த ராத்திரிகளில் அம்மாச்சி மடியில் படுத்துக்கொண்டு நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன். அந்த ஸ்பீக்கர் எந்தத் தெருவரைக்கும் கேட்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"ராஜா பொணம் எரிச்சா நாடகம். ஊரே அழுகுது. எங்கப்பா எரிச்சா அதுக்குப் பேர் என்ன?"

நான் பேசாமல் இருந்தேன். பிறகு, அதனால்தானே இந்தக் காலத்துக்கு மாற்றினோம் என்றேன். ராஜா கதையாக இல்லாமல் தொழிலாளி கதையாக மாற்றியிருக்கிறோமே என்றேன்.

"மாத்துனீங்க. சரி. திருப்பூர் போனவன் காக்கி போட்டு நின்னப்ப அது வேஷம். நான் காக்கி போட்டு நின்னா? எங்கப்பன மாதிரியே இருக்கான்னு சொல்லுவாய்ங்க. அதுக்கு எதுக்குடா நாடகம்? நேரா மயானத்துக்குப் போய்ப் பாத்துக்கலாமே."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்:

"அரிச்சந்திரன் சுடுகாட்டுல நின்னாலும் அவன் ராஜான்னு பாக்குற எல்லாருக்கும் தெரியும். அதுனாலதான் அழுகுறாய்ங்க. எங்கப்பாவப் பாத்தா அப்படி யாருக்கும் தெரியாதுல்ல."

காந்தி சின்னப் பையனாக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகம் பார்த்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். திரும்பத் திரும்ப அதை மனசுக்குள் நடித்துப் பார்த்ததாகச் சொல்கிறார். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருக்கக் கூடாது என்பது அவருக்கு வந்த கேள்வி. காந்திகிராமம் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இப்போது இரண்டு கேள்விகள் ஞாபகம் வரும். ஒன்று காந்தியுடையது. இன்னொன்று அவனுடையது.

பழைய உடுப்பு என்றால் பிற்போக்கு, புது உடுப்பு என்றால் முற்போக்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அனூயி கோட்டு சூட்டு மாட்டியதை வைத்துப் போட்ட கணக்கு. அதில் உடுப்பை மட்டும் பார்த்தேன், உடுப்புக்குள் நிற்கிற ஆளைப் பார்க்கவில்லை. மண்டேலா கைதி உடுப்பைக் கழற்றி அரசனாக நின்றார் என்பதை ஒரு துணுக்குச் செய்தியாகப் படித்து வைத்திருந்தேன். அந்தச் சிறையில் ஒரு கைதி ராஜாவாக நின்றதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை. தினமும் காக்கியைப் பார்க்கிறவனுக்குக் காக்கியையே கொடுத்து, இதுதான் உன் வாழ்க்கை, நடி என்று சொன்னேன். நவீனம் என்ற பெயரில் அவனுக்குப் பரம்பரை வேலையைத்தான் கொடுத்திருக்கிறேன்.

*

நாடக உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற ஒருவரைப் பிடித்தோம். பழைய ராஜபார்ட். பெட்டியைத் திறந்தபோது கற்பூரமும் அரிதாரமும் கலந்த வாசனை. வெல்வெட் அங்கி, ஜரிகை ஓரம், தோள்பட்டைக்குக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜம். கிரீடம் அட்டையில் செய்து தங்கக் காகிதம் ஒட்டி, சிவப்புக் கல் பதித்தது. "எந்த நாடகம் தம்பி?" என்று கேட்டார். மயான காண்டம் என்றோம். "அப்ப மயானத்துக்குக் கருப்பு வேட்டியும் கம்பளியும் வேணுமே" என்று இன்னொரு பெட்டியை இழுத்தார். பழைய மரபில் அரிச்சந்திரன் விலைபோனதும் ராஜ உடுப்பைக் கழற்றிவிடுவான்.

"அது வேண்டாங்கய்யா. மயானத்துலயும் இதே உடுப்புதான்" என்றான் அவன்.

அவர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். "கத ஒத்துக்காதே" என்றார். பிறகு அவரே, "சரி, வேர்க்கும். உள்ள பனியன் போட்டுக்க. கிரீடத்துக்குக் கீழ துணிய மடிச்சு வையி, இல்லேன்னா நெத்தி அறுந்துரும்" என்றார்.

அப்படித்தான் போட்டோம். அவனைச் சுற்றி எல்லோரும் இன்றைய ஆட்கள். வசூல்காரன் ஹெல்மெட்டோடு வருகிறான். சந்திரமதி மில் விடுதி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டிருக்கிறாள். அவன் மட்டும் தலையிலிருந்து கால்வரை ராஜா. அந்த உடுப்போடு விறகு அடுக்குகிறான், கம்பால் கிளறுகிறான், ரசீது எழுதுகிறான். அவன் ராஜா என்பது மேடையில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். சாதிச் சொல்லை எடுத்துவிட்டோம். 'இப்படி ஆகிப்போனேனே' என்கிற புலம்பல் மொத்தத்தையும் எடுத்தோம். அதை எடுத்த பிறகு அரிச்சந்திரனுக்கு மிஞ்சிய துக்கம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை செத்துப்போனது.

தாலிக்கு நாங்கள் பட்ட பாடும் தீர்ந்தது. அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. ராஜா அதைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிறான். லைட் மாற்றமே வேண்டாம் என்று லைட் போட்டவனே சொல்லிவிட்டான். மேடையில் ஒரு கிரீடம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத தாலியையும் ஜனங்கள் பார்த்துவிடுகிறார்கள்.

சாமியை என்ன செய்வது என்பது மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. ஆர்மோனியக்காரர் ஒரு பாட்டு தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார். நான் அரைமனதாகத் தலையாட்டி வைத்தேன்.

வைகாசியில், வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஊர். அவன் அப்பாவைக் கூப்பிட்டிருந்தான். வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். சேரில் உட்காரச் சொன்னோம். வேண்டாமென்று டிராக்டர் ஓரமாக நின்றுகொண்டார். முதல்முறை அவன் மேடைக்கு வந்தபோது கூட்டத்தில் ஒரு விசில். சிலர் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தப் பக்கத்தில் தெரியாமல் இருக்காது. பத்து நிமிடத்தில் சிரிப்பு அடங்கியது. நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து போனார். போகும்போது என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

மயானக் காட்சி. லோகிதாசனாக எங்கள் தெருப் பையன், ஏழு வயது. வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தோம். மணி பன்னிரண்டரை. அப்பனும் ஆத்தாளும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு, பாட்டு முடிந்து, ஆர்மோனியக்காரர் சாமிப் பாட்டுக்குச் சுருதி பிடித்தார். பையன் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. மறுபடி சுருதி. அசைவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சந்திரமதியாக நடித்த பெண் குனிந்து துணியை விலக்கிப் பார்த்தாள். நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தான்.

அவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு அவன் கன்னத்தைத் தட்டி, வீட்டில் எழுப்புவது மாதிரி எழுப்பினாள்.

"டேய், எந்திரிடா. எந்திரிப்பா. விடிஞ்சிருச்சு."

பையன் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, பக்கத்தில் நின்ற ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டான். கூட்டம் குபீரென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தவர்களையும் பார்த்தேன். ஆர்மோனியக்காரர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். சாமிப் பாட்டு பாடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதன்பிறகு போட்ட எல்லா நாடகத்திலும் அப்படியே வைத்துக்கொண்டோம். தூங்குவதுபோல் நடிக்க அந்தப் பையனுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. முதல் நாள் மாதிரி ஒருநாளும் வரவில்லை.

நாடகம் முடிந்து அவன் உடுப்போடு கீழே இறங்கி அப்பாவிடம் போனான். நானும் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் என்ன சொல்வார் என்று கேட்கிற ஆசை. பெரிதாக ஏதோ எதிர்பார்த்தேன்.

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார்.

"கம்ப இப்பிடிப் பிடிக்கக் கூடாதுடா. காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு மொதப் பாக்கணும். காத்து வர்ற பக்கமா நின்னுக்கணும். நீ நின்ன எடத்துக்கு அம்புட்டுப் புகையும் மூஞ்சிக்குத்தான் வரும்."

"சரிப்பா" என்றான்.

அவர் கையை நீட்டினார். அவன் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தான். நெற்றியில் துணி அழுந்திய தடம் இருந்தது. அவர் கிரீடத்தைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார்.

"அட்டையாடா இது?"

"ஆமாப்பா."

"அங்கருந்து பாத்தா தெரியல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு டிராக்டர் பக்கம் நடந்தார்.

அடுத்த ஊரில் மேடை ஏறியதும் அவன் முதலில் ஒரு விரலை எச்சில் தொட்டு உயர்த்திப் பார்த்தான். காற்று வருகிற பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டான். பிறகுதான் கம்பை எடுத்தான்.